காவலுக்கு ஆள் தேடும் நகரம்: போலீஸ் பணியிடமா, துணைப் போலீஸா, பாதுகாவலரா, ருக்குன் தெத்தாங்காவா?

கோலாலம்பூரின் செந்தூல், செகாம்புட், ஜிஞ்சாங் பக்கத்துத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) குடியிருப்பாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தால் கடைசியில் விவாதம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. வீடு புகுந்து திருடுகிறார்கள், வாசலில் நிறுத்திய மோட்டார் சைக்கிள் காணாமல் போகிறது, ரோந்து வண்டி கண்ணில் படுவதே இல்லை. என்ன செய்வது? ஒருவர் பாதுகாவலர் வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் பொண்டோக் போலீஸ் (சிறு காவல் சாவடி) கேட்டு மனு கொடுக்கலாம் என்கிறார். பின்வரிசையில் இருக்கும் இளைஞர் சிசிடிவி போதும் என்கிறார். மூன்று மணி நேரம் பேசியும் முடிவு இல்லாமல் கலைகிறார்கள். இதே கேள்வி பினாங்கின் பிறை, புக்கிட் மெர்தாஜாம் வாசகர்களிடமிருந்தும் வருவதால், வழிகளை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்க்கிறேன்.

கேள்வி இனி பெரிதாகத்தான் ஆகும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோலாலம்பூரில் சுமார் 19 லட்சத்து 80 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2040 வரைக்குமான நகரத் திட்டம் அந்த எண்ணிக்கை 23 லட்சத்தைத் தாண்டும் என்று வைத்துக்கொண்டே வரையப்பட்டிருக்கிறது. பழைய தொழிற்சாலை நிலங்களில் நாற்பது மாடிக் கட்டடங்கள் எழும்புகின்றன. ஆயிரம் குடும்பங்கள் ஒரே ஆண்டில் குடிவந்துவிடும். போலீஸ் பணியிடம் அந்த வேகத்தில் வராது.

ஒரு அடிப்படையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மலேசியாவில் போலீஸ் முழுக்க மத்திய அரசின் கையில் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அப்படித்தான் வகுத்திருக்கிறது. கோலாலம்பூர் மாநகர் மன்றத்திடம் எவ்வளவு பணம் இருந்தாலும் அது ஒரு கான்ஸ்டபிளைக்கூட நியமிக்க முடியாது. பினாங்கு மாநில அரசாலும் முடியாது. மதிப்பீட்டு வரி கட்டுகிறோமே, போலீஸ் எங்கே என்று மாநகர் மன்றத்திடம் கேட்பவர்கள் தவறான கதவைத் தட்டுகிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் முகவரி வேறு.

## எதை வைத்து ஒப்பிடுவது?

நான் ஐந்து கேள்விகளை முன்வைக்கிறேன். ஒன்று, அதிகாரம்: வருபவரால் ஒருவரைத் தடுத்து நிறுத்தவும் கைது செய்யவும் முடியுமா? இரண்டு, பணம்: யார் தருவது, எத்தனை ஆண்டுக்குத் தர முடியும்? மூன்று, காலம்: அடுத்த மாதமே வருமா, அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் வருமா? நான்கு, பொறுப்பு: தவறு நடந்தால் யாரிடம் போய்க் கேட்பது? ஐந்தாவது கேள்வியைக் கூட்டங்களில் பெரும்பாலும் யாரும் எழுப்புவதில்லை: இதில் யார் விடுபட்டுப் போகிறார்கள்? தரை வீட்டுத் தாமானுக்குத் தடுப்புக் கம்பி போட்டால், பக்கத்தில் இருக்கும் பிபிஆர் (குறைந்த வருமானத்தாருக்கான அரசு வீடமைப்பு) அடுக்குமாடிக்கு என்ன ஆகும்?

## கூடுதல் போலீஸ் பணியிடம்

அதிகாரம், பொறுப்பு என்ற இரண்டிலும் இதற்கு ஈடு எதுவும் இல்லை. 1967-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் கீழ் முழு அதிகாரம் இருக்கிறது. சம்பளம் மத்திய அரசின் கருவூலத்திலிருந்து வருகிறது. போலீஸார் மீதான புகாருக்கு 2023 ஜூலை முதல் தனி ஆணையமும் இயங்குகிறது. ஒரு தாமானுக்கு வரும் ரோந்து வண்டி பக்கத்து அடுக்குமாடிக்கும் போகும் என்பதால் ஐந்தாவது கேள்வியிலும் இதுவே முன்னால் நிற்கிறது.

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. 24 மணி நேரமும் ஓரிடத்தில் ஒரே ஒருவர் நிற்க எத்தனை பேர் வேண்டும்? ஒரு வாரத்தில் 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 45 மணி நேரம் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொண்டால், மூன்றே முக்கால் பேர். ஆண்டு விடுப்பு, பொது விடுமுறை, பயிற்சி, மருத்துவ விடுப்பு, நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போகும் நாள்கள் எல்லாவற்றையும் கழித்தால் ஐந்து பேர் தேவைப்படுகிறார்கள். ஒரு ரோந்து வண்டியில் இருவர் என்றால் பத்துப் பேர். ஆக, 'எங்கள் மாவட்டத்துக்கு 20 பேர் கூடுதல்' என்ற அறிவிப்பு வந்தால், நாள் முழுதும் தெருவில் ஓடக்கூடிய வண்டி இரண்டுதான் கிடைத்திருக்கிறது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் பொண்டோக் போலீஸ் கேட்கும் மனுக்கள் எனக்குக் கவலை தருகின்றன. பொண்டோக்கில் இரவும் பகலும் இருவர் உட்கார வேண்டுமென்றால் அதற்கும் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரும் எங்கிருந்தோ எடுக்கப்பட வேண்டும். புதிய பணியிடம் இல்லாமல் கட்டடம் மட்டும் வந்தால், ரோந்தில் இருந்தவர்கள்தான் மேசைக்குப் பின்னால் வந்து உட்காருவார்கள். மாலையில் பூட்டிக் கிடக்கும் பொண்டோக் எத்தனை இடங்களில் இருக்கிறது என்று வாசகர்களே சொல்வார்கள். கட்டடத்தைக் கேட்காதீர்கள். ரோந்து நேரத்தைக் கேளுங்கள்.

ஆள் வந்தாலும் அவர்கள் நம் தெருவுக்கு வந்து சேர்வார்கள் என்பது உறுதி இல்லை. தலைநகரப் போலீஸ் குடியிருப்பாளர்களை மட்டும் பார்த்துக்கொள்வதில்லை. பேரணி, புக்கிட் ஜாலில் விளையாட்டு, வெளிநாட்டுத் தலைவர் வருகை என்று நாள்தோறும் ஏதாவது இருக்கிறது. தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படும் இரவில், வழி நெடுக நிற்கும் சீருடைக்காரர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நிலையத்தின் அன்றைய பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். நமக்கு அது தேவையான காவல்தான். அதே இரவில் அந்த நிலையத்தின் எல்லையில் இருக்கும் தாமான்களுக்கு ஆள் குறைகிறது என்பதும் உண்மை. மக்கள்தொகையை மட்டும் வைத்து 'இத்தனை பேருக்கு ஒரு போலீஸ்' என்று பேசுவது இதனால்தான் பாதிப் படத்தையே காட்டுகிறது.

மறைந்திருக்கும் செலவு தங்குமிடம். துன் முகமது சைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளைத் தந்தது. போலீஸாரின் குடியிருப்பு நிலையையும் அது சுட்டிக்காட்டியது. கோலாலம்பூர் வாடகையில் ஓர் இளம் கான்ஸ்டபிள் குடும்பத்தோடு எங்கே தங்குவார்? குடியிருப்பு இல்லாமல் பணியிடத்தை மட்டும் கூட்டினால், மாற்றலுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களே இங்கு நிறைவார்கள்.

காலம்தான் இந்த வழியின் பெரிய பலவீனம். பொதுச் சேவைத் துறை பணியிடத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், நிதி அமைச்சு பணம் ஒதுக்க வேண்டும், ஆள் எடுத்து மாதக்கணக்கில் பயிற்சி தர வேண்டும். இருக்கும் ஆளை இடம் மாற்றுவது அதைவிட விரைவாக நடக்கும். 2010-இல் அரசாங்க உருமாற்றத் திட்டம் தெருக்குற்றத்தைக் குறைக்க எடுத்த வழி அதுவே. கோலாலம்பூர், சிலாங்கூர், பினாங்கு, ஜொகூரில் 50 இடங்களைத் தேர்ந்தெடுத்து, மேசை வேலையில் இருந்தவர்களைத் தெருவுக்கு அனுப்பி, ரேலா தொண்டூழியப் படை உறுப்பினர்களையும் சேர்த்து ரோந்து விட்டார்கள். அந்த 50 இடங்கள் எப்படித் தேர்வாயின? பதிவான குற்றங்களை வைத்து. நிலையத்தில் புகார் கொடுக்காமல் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் புலம்பும் தாமான், போலீஸ் கணக்கில் அமைதியான தாமான். அங்கு யாரையும் அனுப்பக் காரணம் இருக்காது.

## மாநகர் மன்றம் பணம் தரும் துணைப் போலீஸ்

விமான நிலையங்களிலும் கேடிஎம் ரயில் நிலையங்களிலும் நாம் பார்ப்பவர்கள் துணைப் போலீஸார். அதே 1967 சட்டத்தின் கீழ் தேசியப் போலீஸ் படைத் தலைவரின் அனுமதியோடு நியமிக்கப்படுகிறார்கள். சம்பளத்தை அவர்களை வைத்திருக்கும் நிறுவனம் தருகிறது. அதிகாரம் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் இடத்தோடும் சொத்தோடும் நின்றுவிடுகிறது.

வணிகத் தெரு, சந்தை, பேருந்து நிலையம், பூங்கா போன்ற மாநகர் மன்ற இடங்களுக்கு இது நல்ல வழி. குடியிருப்புத் தெருவில் நடக்கும் வீட்டுத் திருட்டுக்கு இது பெரிதாக உதவாது. செலவோ நேராக மதிப்பீட்டு வரியில் வந்து விழும். பயிற்சி பெற்ற ஆளுக்குப் போலீஸும் துணைப் போலீஸும் ஒரே வேலைச் சந்தையில் போட்டி போடுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மாநிலமோ நகரமோ தன் சொந்தப் படையை உருவாக்கினால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பினாங்கின் அனுபவம் பதில் சொல்கிறது. 2011-இல் மாநில அரசு தன்னார்வ ரோந்துப் படை ஒன்றைத் தொடங்கியது. பிபிஎஸ் என்று அழைக்கப்பட்டது. வெள்ளத்திலும் விபத்திலும் உதவினார்கள். 2014 சுதந்திர தின அணிவகுப்பில் கலந்துகொண்டபின், பதிவு இல்லாத அமைப்பு என்ற காரணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கைது செய்யப்பட்டார்கள். நல்லெண்ணத்தோடு வந்த சாதாரண மக்கள் அரசியல் மோதலுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். சட்டத்தின் குடை இல்லாத எந்த ரோந்துக்கும் நம் பிள்ளைகளை அனுப்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

## குடியிருப்பாளர் பணத்தில் பாதுகாவலர்

பணம் கட்டினால் அடுத்த மாதமே ஆள் வந்துவிடுவார். இந்த வேகமே இதன் கவர்ச்சி. கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று மட்டும் யாரும் சரியாகச் சொல்வதில்லை. ஒரு வாசல், ஒரு பாதுகாவலர், 24 மணி நேரம் என்று கணக்குப் போடுவோம்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். மணிக்கு 8 ரிங்கிட் 17 சென். வழக்கமான 12 மணி நேரப் பணியில் 4 மணி நேரம் கூடுதல் நேரம். அதற்கு ஒன்றரை மடங்கு. மாதம் 26 நாள் என்றால் 104 மணி நேரம். சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பும் அதுதான். கூடுதல் நேரத்துக்கு மட்டும் சுமார் 1,275 ரிங்கிட் வருகிறது. முதலாளியின் ஊழியர் சேமநிதி, சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) சந்தாவையும் சேர்த்தால் ஒருவருக்கு ஏறக்குறைய 3,250 ரிங்கிட். பகலும் இரவுமாக மாதத்துக்கு 60 பணிவேளைகளை நிரப்ப 2.3 பேர் தேவை. 7,500 ரிங்கிட் ஆகிவிட்டது. 8 விழுக்காடு சேவை வரியோடு 8,100. நிறுவனத்தின் லாபமும் சீருடையும் இதில் சேரவில்லை.

120 வீடுகளும் கட்டினால் வீட்டுக்கு 68 ரிங்கிட். முதல் ஆறு மாதம் எல்லாரும் கட்டுவார்கள். பிறகு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் கட்டமாட்டார், ஓய்வு பெற்றவர் தயங்குவார், 'எங்கள் வீட்டில் எதுவும் திருடு போகவில்லையே' என்று ஒருவர் நிறுத்துவார். 70 வீடுகள் மட்டும் மிஞ்சினால் 116 ரிங்கிட். அதைக் கேட்டு இன்னும் பத்து வீடுகள் விலகும். பொருளாளர் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, பழகிய முகங்களோடு மனக்கசப்பு தேடிக்கொள்வார்.

மேலே சொன்ன தொகையைவிட மிகக் குறைவாக ஒரு நிறுவனம் விலை சொன்னால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். யாருடைய சம்பளமோ வெட்டப்படுகிறது. பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு மின்விசிறி, பூஞ்சணம் பிடித்த பதிவேடு, கழிப்பறைக்குப் பக்கத்து எண்ணெய் நிலையம்: பல பாதுகாவலர் கூண்டுகளின் நிலை இது. அங்கே உட்கார்ந்திருப்பவர் பல இடங்களில் அறுபதைக் கடந்த நம் சமூகத்துப் பெரியவர். நமக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதற்காக அவரைப் பட்டினிச் சம்பளத்தில் வைத்திருக்க எந்தத் தாமானுக்கும் உரிமை இல்லை.

சட்ட எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். தனி வீட்டுப் பட்டா உள்ள தாமானில் சாலை பொதுச் சாலை. ஊராட்சி மன்ற அனுமதி இல்லாமல் தடுப்புக் கம்பி போடக்கூடாது. 2015-இல் சிலாங்கூர் வழக்கு ஒன்றில், அனுமதி பெற்ற தடுப்புக் கம்பி சாலையை அடைப்பதாகாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் கட்டாத வீட்டுக்காரர் தானே கம்பியைத் தூக்கிக்கொண்டு போகும் ஏற்பாடு அங்கு இருந்தது. அவர் உள்ளே வருவதைத் தடுக்கவில்லை. வருபவரின் மைகார்டை (அடையாள அட்டையை) வாங்கி வைத்துக்கொள்ளவும் பாதுகாவலருக்கு அதிகாரம் இல்லை. தன் கண் முன்னே கடுமையான குற்றம் நடந்தால் சாதாரணக் குடிமகனைப் போலப் பிடித்துப் போலீஸிடம் ஒப்படைக்கலாம், அவ்வளவுதான். நிறுவனத்திடம் உள்துறை அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

நுழைவாயில் ஒன்றிரண்டு மட்டுமே உள்ள தாமான், நூறு வீட்டுக்கு மேல், பத்தில் எட்டுப் பேர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்றால் இது பொருந்தும். ஐந்தாறு வழிகள் திறந்து கிடக்கும் பழைய தாமானில் ஒரு வாசலில் ஆளை வைத்துப் பயன் இல்லை.

## ருக்குன் தெத்தாங்கா ரோந்து

அக்கம்பக்கத்தார் சேர்ந்து காவல் சுற்றும் இந்த ஏற்பாடு 1975-இல் தொடங்கியபோது ஆண்களுக்கு இரவு ரோந்து கட்டாயமாக இருந்தது. முறை வைத்து டார்ச் விளக்கும் கம்புமாகச் சுற்றியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இப்போது 2012-ஆம் ஆண்டு ருக்குன் தெத்தாங்கா சட்டத்தின் கீழ் தன்னார்வ ரோந்துத் திட்டமாக நடக்கிறது. பிபிஎஸ் கதையில் இல்லாத சட்டக் குடை இங்கே இருக்கிறது. பணச் செலவு சொற்பம். அரசின் சிறு மானியமும் உண்டு.

செலவு மனிதர்களிடம் இருக்கிறது. முதல் மாதம் பட்டியலில் முப்பது பெயர். மறுநாள் காலை ஐந்தரைக்குத் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் இரவு இரண்டு மணிக்கு எத்தனை நாள் சுற்ற முடியும்? மழைக்காலத்துக்குள் அதே ஐந்து பேர்தான் மிஞ்சுவார்கள், அவர்களும் சோர்ந்துபோயிருப்பார்கள். நாள்தோறும் சுற்றுவதாக அறிவித்துவிட்டு நின்றுபோவதைவிட, திருட்டு நடக்கும் நேரத்தைப் பார்த்து வாரத்தில் மூன்று இரவு, இரண்டு மணி நேரம் என்று தொடங்குவது நிலைக்கும்.

இதன் உண்மையான பலனாக நான் கருதுவது வேறு. ரோந்தில் மலாய், சீன, இந்தியக் குடும்பத்தினர் ஒன்றாக நடக்கிறார்கள். யார் வீட்டில் தனியாக ஒரு பாட்டி இருக்கிறார், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பது தெரிகிறது. நிலையத் தலைவரின் தொலைபேசி எண் கையில் வருகிறது. பணம் கட்ட முடியாத பிபிஆர் அடுக்குமாடிக்கும் திறந்திருக்கும் ஒரே உடனடி வழி இதுதான்.

## சிசிடிவி

சுருக்கமாகச் சொல்கிறேன். கேமரா யாரையும் பிடிக்காது. நடந்ததைப் பதிவு செய்யும். பினாங்கு மாநகரில் 2019 முதல் முகம் அறியும் வசதியுள்ள கேமராக்கள் போலீஸோடு இணைந்து வேலை செய்கின்றன. அங்கே திரையைப் பார்க்க ஆள் இருக்கிறது. தாமான் சங்கம் வாங்கும் எட்டுக் கேமராவை யார் பார்ப்பார்கள்? நம் ஊர் இடி மின்னலில் கருவிகள் அடிக்கடி கெடும், இணையக் கட்டணம் மாதந்தோறும் வரும், பழைய பதிவு சில வாரங்களில் அழிந்து புதியது ஏறும். நுழைவாயிலில் வண்டி எண் தெளிவாகத் தெரியும்படி இரண்டு நல்ல கேமரா போதும். புகாரோடு அந்தப் பதிவையும் கொடுத்தால் விசாரணை அதிகாரிக்குப் பெரும் உதவி.

## ஒரே பார்வையில்

| வழி | அதிகாரம் | பணம் தருவது | கிடைக்கும் காலம் | விடுபடுபவர் |
|---|---|---|---|---|
| போலீஸ் பணியிடம் | முழுமை | மத்திய அரசு | ஆண்டுகள். இடமாற்றம் என்றால் மாதங்கள் | புகார் கொடுக்காத பகுதி |
| துணைப் போலீஸ் | இட எல்லைக்குள் | மாநகர் மன்றம் | ஓரிரு ஆண்டு | குடியிருப்புத் தெருக்கள் |
| பாதுகாவலர் | குடிமகன் அளவே | வீட்டுக்காரர்கள் | ஒரு மாதம் | பணம் கட்ட முடியாதவர், பக்கத்துத் தாமான் |
| ருக்குன் தெத்தாங்கா | மிகக் குறைவு | சிறு மானியம், நம் நேரம் | சில மாதம் | இரவுப் பணியில் இருப்பவர் |
| சிசிடிவி | இல்லை | சங்கம் | சில வாரம் | கேமரா எட்டாத சந்துகள் |

## எந்த இடத்துக்கு எது?

திறந்த பழைய தாமானாக இருந்தால் நான் ருக்குன் தெத்தாங்காவையும் இரண்டு கேமராவையும் முதலில் வைப்பேன். கூடவே ரோந்து நேரம் கேட்டு மாவட்டப் போலீஸ் தலைவருக்கு மனு. பிபிஆருக்கும் அதே வரிசைதான்; அங்கு மின்தூக்கி, படிக்கட்டு விளக்கு ஆகியவற்றைச் சரிசெய்ய மாநகர் மன்றத்தை நெருக்குவது பாதி வேலையை முடித்துவிடும். அடைத்த தாமானுக்குப் பாதுகாவலர், முழுச் சட்டச் சம்பளத்தோடு. கடைத்தெருவுக்குத் துணைப் போலீஸ் கேட்டு வணிகர் சங்கம் மாநகர் மன்றத்தை அணுகலாம்.

நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பணியிடக் கோரிக்கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்ற நான்கும் பெரும்பாலும் நமக்குக் கண்களையே தருகின்றன. கைது செய்யும் கை ஒரு பொதுப் பணியாளருடையதாகத்தான் இருக்க வேண்டும். அதை நாமே வாங்கிக்கொள்ளத் தொடங்கினால், வசதி உள்ளவர்களின் தெருவில் மட்டும் காவல் இருக்கும் நகரமாகக் கோலாலம்பூர் மாறிவிடும். செந்தூலில் வளர்ந்த பலருக்கும் அந்த நிலை எங்கே கொண்டுபோய் விடும் என்று விளக்க வேண்டியதில்லை.

மனுவில் 'பாதுகாப்பு இல்லை' என்று எழுதிப் பயன் இல்லை. கடந்த 12 மாதத்தில் கொடுத்த புகார் எண்கள், நடந்த நேரம், தெருவின் பெயர், அந்த எல்லையில் புதிதாகக் குடிவந்த வீடுகளின் எண்ணிக்கை, கட்டுமானத்தில் இருக்கும் மாடி வீடுகள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். புதிய கட்டடத்துக்கு மாநகர் மன்றம் ஆட்சேபம் கேட்கும் கட்டத்திலேயே, போலீஸுக்கு இடமும் குடியிருப்பும் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு நகல், உள்துறை அமைச்சுக்கு ஒரு நகல். வரவு செலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் தாக்கலாகிறது, அமைச்சுகள் தங்கள் தேவைப் பட்டியலை அதற்குப் பல மாதம் முன்பே அனுப்பிவிடுகின்றன. ஆண்டின் முதல் காலாண்டுக்குள் உங்கள் மனு மேசையில் இருக்க வேண்டும்.